சளிக்காய்ச்சல் ஊசியும் சம்பா நடவும்

கொரோனா வந்த வருஷம் நான் பயந்தது கொரோனாவுக்கு மட்டும் அல்ல. எனக்கு மூச்சு இழுப்பு உண்டு. முந்தின மழைக்காலத்தில் சாதாரண சளிக்காய்ச்சல்தான் வந்தது. அதுவே என்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுக்கப் போட்டது. இந்த வருஷம் அங்கே போனால் கட்டில் கிடைக்காது. நீடாமங்கலத்து டாக்டர், "ஃப்ளூ ஊசி போட்டுக்கங்கம்மா, அதையாவது தடுப்போம்" என்றார். கையோடு போட்டுக்கொண்டேன். யாரைக் கேட்க வேண்டும்? மூச்சு என்னுடையது.

மறுநாள் கை கனத்தது, லேசாக உடம்பு சுட்டது. ஊசி போட்டால் அப்படி இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது நன்றாகத் தணிந்த பிறகுதான் சம்பா நடவுக்குப் போனேன். ஆனால் எனக்கு முன்னால் சேதி போய்விட்டது.

எங்கள் தெருப் பெண்கள் உன் வயலுக்கு நான், என் வயலுக்கு நீ என்று மாற்றி மாற்றி நடுவோம். வரிசையில் இடம் போனால் என் வயலில் நட ஆள் வராது. அன்றைக்கு என் ஓரகத்தி வயல். வரப்பில் கால் வைத்ததுமே மறித்தார்.

"கொரோனாவுக்கு இன்னும் ஊசியே வரலங்கிறாங்க. உனக்கு மட்டும் என்னத்தடி போட்டாங்க? உன்ன வச்சு சோதிச்சுப் பாக்குறாங்களோ என்னமோ."

"இது அந்த ஊசி இல்லக்கா. சளிக்காய்ச்சலுக்கு."

"காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கிட்டு காய்ச்சல்ல படுத்தவதானே நீ. வரிசையில வேண்டாம். வீட்டுக்குப் போ."

மற்றவர்கள் குனிந்து நாற்றுமுடியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் வீட்டில் யார் இருமினாலும் கஷாயம் கொடுத்து மூடி மறைத்தார்கள். நான் செய்ததை வெளியே சொன்னேன், அதுதான் குற்றம்.

"தள்ளி நிக்கச் சொல்லுங்க, நிக்கிறேன். வீட்டுக்குப் போகச் சொல்லாதீங்க."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலின் அடுத்த கோடியில் இறங்கினேன்.

முதல் முடி நடும்போது குலவை போட வேண்டும். யார் எடுத்தாலும் மற்றவர்கள் கூடப் போட்டே ஆக வேண்டும்; ஒற்றைக் குலவை அந்த வயலுக்கு ஆகாது என்பார்கள். ஒன்றாகச் சேர்ந்து குலவை போட்டபின் ஒருத்தியை வரிசையிலிருந்து விலக்கவும் முடியாது. அந்தப் பக்கம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். மாஸ்க்கை இறக்கப் பயம். நான் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துப் பார்த்தேன். இழுப்பு இல்லை. தனியாக நின்றே குலவை எடுத்தேன், மூச்சு தீரும்வரை விடாமல்.

ஓரகத்தி என்னை முறைத்தார். அவர் வயல் அல்லவா. முதலில் அவர்தான் கூடப் போட்டார்.