எட்டாவது டேக்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. பட்டப்பகலில், ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்த என் அறையில், இது எனக்கு நடந்தது.

கல்லூரி நாட்களில் நானும் குண்டூசியும் வீட்டிலேயே சிரிப்பு வீடியோ எடுப்போம். குண்டூசி என் நண்பன். ஒல்லி உடம்புக்கு வந்த பெயர். சோகப் பாட்டு மெட்டில் கோணங்கித்தனமாக வரி கட்டிப் பாடுவது என் வேலை; கேமராவும் என் கையில்தான். நடிப்பு முழுக்க அவன். ஒரு காட்சியில் அவன் பிணம். கட்டிலில் படுக்க வைத்து வெள்ளைப் போர்வை போர்த்திவிட்டு, கேமராவுக்குப் பின்னாலிருந்து நான் உருகிப் பாடுவேன்.

“போறவனே போறவனே... என் செருப்பைக் கழட்டி வெச்சுட்டுப் போடா...”

செருப்பு என்றதும் பிணம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும்.

“பொணம் சிரிக்குமாடா? நான் கட் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது.”

ஏழு டேக். ஏழிலும் சிரித்தான். வெறுத்துப்போய் அந்தக் காட்சியையே விட்டுவிட்டோம்.

“ஒரு நாள் சிரிக்காம நடிச்சுக் காட்டறேன் பாரு” என்றான்.

இரண்டு வருடத்துக்கு முன் விபத்தில் போய்விட்டான். நான் சாவுக்குப் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவனை அப்படிப் பார்க்க எனக்குப் பயம், அவ்வளவுதான்.

போன மாதம் அவன் மனைவி போன் செய்தாள்.

“அண்ணா, பாப்பாவுக்கு அவர் சிரிப்பே மறந்துட்டு வருது. பழைய வீடியோ எதாவது இருக்கா?”

பரணில் தேடி எடுத்தேன். கேசட் அட்டையில் என் கையெழுத்து: ‘பிணம். 7 டேக். முடியவில்லை.’ ஞாயிற்றுக்கிழமை, பழைய கேமராவைக் கணினியோடு இணைத்து ஓட்டினேன். மணி பிற்பகல் 2.10.

ஏழு டேக்கும் வந்தன. ஏழு சிரிப்பு. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடைசியில் நான் “கட்” என்றதும் அவன் எழுந்து நாக்கைத் துருத்தினான். திரை கறுத்தது. மணி 2.31.

நிறுத்தக் கையை நீட்டினேன்.

க்ளிக்...

மறுபடியும் அவன். படுத்திருந்தான்.

வேறு அறை. போர்வை வெள்ளை இல்லை. நீலக் கட்டம் போட்டது. முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. அது கல்லூரிப் பையனின் முகம் இல்லை.

பாட்டு இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். கடக்... கடக்...

அவன் சிரிக்கவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு. மூன்று...

வயிறு ஏறி இறங்கவில்லை.

மணி 2.38. இமை லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்குகிறவனுக்குத் துடிப்பது போல.

வயரைப் பிடுங்கினேன்.

படம் நிற்கவில்லை.

கடக்... கடக்...

வெளியே ஓடினேன்.

நான்கு மணிக்குத்தான் திரும்பி வரத் தைரியம் வந்தது. திரை அணைந்திருந்தது. கேசட்டை மறுபடி ஓட்டினேன். ஏழு டேக். அதற்கு மேல் வெற்று நாடா. ஏழையும் அனுப்பி வைத்தேன். எட்டாவதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மறுநாள் மாலை அவன் மனைவி அழைத்தாள்.

“பாப்பா விழுந்து விழுந்து சிரிச்சாண்ணா.” கொஞ்சம் தயங்கினாள். “ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீங்க வரல. நீலக் கட்டம் போட்ட போர்வை போத்தி அவரைப் படுக்க வெச்சிருந்தோம்...”

நான் மேசையில் கிடந்த கேசட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

“பாப்பா கிட்டப் போய்க் குனிஞ்சா. திரும்பி வந்து, ‘அப்பா நடிக்கிறாரு. மாமா வந்து கட் சொன்னா எழுந்துடுவாராம்’னா. எந்த மாமான்னு யாருக்கும் புரியல. நேத்து வீடியோல உங்க குரலைக் கேட்டதும்தான்...”

கேசட்டை எடுத்து மேசை டிராயருக்குள் தள்ளி மூடினேன்.

“அப்போ அவளுக்கு நாலு வயசு. இந்த வீடியோவை அவ பாத்ததே இல்லையேண்ணா.”

கேசட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை அதற்குப் பிறகு நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பாப்பா தினமும் கேட்கிறாளாம், மாமா எப்போது வருவார் என்று.