தொட்டிலுக்குள்ள வட்டிலப்ப மணம்

முந்தின வருசம், எங்கட மகள் பொறந்து ஒரு கிழமை இரிக்கும். கல்முனைக்குடியில கடற்கரைப் பக்கம் எங்கட ஊடு. மழைக்கும் இஸ்கோல் பக்கம் ஒதுங்காத ஆள் நான். மீன் யாவாரம். நான் வாறத்துக்கு முந்தி என்ட மணம் ஊட்டுக்கு வந்திடுமெண்டு பொஞ்சாதி சொல்லுவா.

அண்டைக்கு லுஹர் தொழுதிட்டு உள்ளுக்குக் கால வெக்கிறன், பெருநாளைக்கு அவிக்கிற வட்டிலப்பத்துட இனிச்ச மணம். குசினியில அடுப்பே எரியல்ல. நாய் மாதிரி மூக்க நீட்டிக்கிட்டு ஊடு முழுக்க மணந்து பாத்தன். தொட்டிலுக்குள்ள இருந்துதான் வந்திச்சி. ஈரத் துணி, புள்ளைட காதடி, எல்லாம் சீனி கருகின மணம். புள்ள கண்ணத் தொறக்காமக் கிடக்கா. காலையில இருந்து அழவுமில்ல, ஒழுங்காப் பால் குடிக்கவுமில்ல.

ஒத்தாசைக்கு வந்து நிண்ட பொஞ்சாதிட மூத்த ராத்தா குரலத் தாழ்த்திச் சொன்னா, "மச்சான், இது நல்ல மணமில்ல. ஏதோ உள்ளுக்கு வந்திரிக்கி. அசர் தொழுகைக்குப் பொறகு பள்ளி லெப்பையக் கூட்டி வந்து ஓதிப் பாருங்க."

"ஏன் மதினி, ஜின் வந்தா வட்டிலப்பமா அவிக்கும்?" எண்டு சிரிச்சன். ஆரும் கூடச் சிரிக்கல்ல.

அந்த நேரம் போன் அடிச்சிச்சி. கொழும்பில இருந்து ஒரு பொம்புள டொக்டர்.

"புள்ளைட வாப்பாவா?"

"ஓம்."

"புள்ளைட மூத்திரத்தில சீனி கருகின மணம் வருதா?"

நான் கூரையப் பாத்தன், யன்னலப் பாத்தன். "நீங்க எங்க நிண்டு பாக்கிறயள்?" எண்டு கேட்டுட்டன்.

அவ சிரிக்கல்ல. "இனி ஒரு சொட்டுத் தாய்ப்பாலும் குடுக்க வேணாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, நான் அங்க கதைச்சிட்டன். சுணங்கினா உயிருக்கு மோசம்."

ஓட்டோவில பொஞ்சாதி நெஞ்சக் கையால பொத்திக்கிட்டு இரிந்தா. பால் ஊறிச் சட்டையெல்லாம் நனைஞ்சி போச்சி. தாய்ப்பால் நஞ்சாகுமெண்டு முந்தி ஆராவது சொல்லியிரிந்தா, பல்லக் காட்டிச் சிரிச்சிரிப்பன்.

புள்ளைக்குச் சேலைன் ஏத்தினத்துக்குப் பொறகுதான் விளங்கப்படுத்தினாங்க. பொறந்த ஆஸ்பத்திரிய விட்டு வரக்குள்ள குதிக்கால்ல குத்தி, தடிச்ச கடதாசியில கொஞ்சம் ரத்தம் எடுத்து, எங்கட போன் நம்பரையும் எழுதினவங்க. கொழும்பில ஒரு மெசின் அந்த ரத்தத்தில கண்ணுக்குத் தெரியாததுகளப் பிரிச்சி, ஒவ்வொண்டா நிறுத்துப் பாக்குமாம். பாலில உள்ள புரதத்தில ஒரு பகுதிய மகள்ட உடம்பால உடைக்க ஏலாம, தேங்கி நஞ்சாகியிரிக்கி. அந்த மணம்தான் அது. நானும் நாள் முழுக்க நிறுக்கிறவன்தான், காக்கிலோ சூடை மீனுக்கே என்ட தராசு தடுமாறும்.

ஆஸ்பத்திரியில சில நாள் போய், ஒரு பின்னேரம் மகள் வாய் கிழிய அழுதா. பக்கத்துக் கட்டில்காரங்க காதப் பொத்தினாங்க. நான் அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லிச் சொல்லி நானும் அழுதன்.

இப்ப அவவுக்குத் தனிப் பால்மா, அளந்த சாப்பாடு. ஊடு முழுக்க ஓடித் திரியிறா. என்ட மடியில கிடந்தவட உடம்புக்குள்ள நடந்தது எனக்குத் தெரியல்ல, அவட முகமே காணாத ஒத்தருக்குத் தெரிஞ்சிரிந்திச்சி. அத நெனைச்சா இப்பவும் மேல் கூசும். அவ தூங்கக்குள்ள பக்கத்தில குந்தி முகத்தயே பாத்துக்கிட்டு இரிப்பன். எவ்வளவு பாத்தாலும் உள்ளுக்கு என்ன இரிக்கெண்டு எனக்கு விளங்கப் போறதில்ல, ஆனா பாக்காம இரிக்கவும் ஏலாது.