லோரி ஓட்டுநராக நெஞ்சைப் பிடித்துக்கொண்ட நாள்

இருபது வருடங்களாக மேடையேறிக்கொண்டிருந்தும், என் நடிப்பை நான் முழுதாகப் பார்த்தது போன வருடம்தான். சித்தியவானில் நாங்கள் போட்ட நாடகத்தை என் மனைவி கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தாள். மறுநாள் காலை பசியாறிக்கொண்டே இருவரும் பார்த்தோம். மகன் விபத்தில் போய்விட்டான் என்று கேட்டு நான் அழும் காட்சி. தோள்கள் இரண்டும் பம்பு அடிப்பதுபோல ஏறி இறங்கின. ஒரு கை கண்ணை மறைத்தது, இன்னொரு கை காற்றில் எதையோ தேடியது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் பேசாத நேரத்திலும் என் வாய் அசைந்துகொண்டே இருந்தது. எதிரில் நிற்பவரின் வசனத்தையும் நானே முணுமுணுத்துக்கொண்டு, என் முறை எப்போது வரும் என்று காத்து நின்றிருக்கிறேன்.

"நீங்க அழுவுறப்ப பின்னால ரெண்டு பேரு சிரிக்கிறாங்க, கேக்குதா?" என்றாள் மனைவி. கேட்டது. அன்றைக்கு அதை விம்மல் என்று நினைத்திருந்தேன்.

நான் ஈப்போவில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறேன். பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில்; இப்போது அங்கே செம்பனைதான். முதன்முதலில் நடித்தது அந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடும். இருப்பது ஒரே மைக். அது யார் கைக்குப் போகிறதோ அவர் தப்பித்தார், மற்றவர்கள் கத்த வேண்டும். எனக்குக் கத்த வந்தது, அதனால் நான் நடிகனானேன். பிறகு ஈப்போவில் ஒரு சின்ன நாடகக் குழுவில் சேர்ந்தேன். ஒரு கிளார்க், ஒரு பஸ் ஓட்டுநர், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு தாதி, இன்னும் நாலைந்து பேர். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் நாடகம் எழுதி இயக்குவார். என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்றாலும் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

என் மனைவிக்கு ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை. அந்த வாரம் அவள் ஓர் அறிவிப்பைப் படம் பிடித்து அனுப்பினாள். மருத்துவ மாணவர்கள் உண்மையான நோயாளிகளைத் தொடுவதற்கு முன், நோயாளியாக நடிப்பவர்களிடம் பேசிப் பழகுவார்களாம். அதற்கு ஆட்கள் வேண்டுமாம். மாலையில் வீட்டுக்கு வந்ததும், உடம்பு சரியில்லை என்று வீட்டில் நடிப்பதை அங்கே போய் நடித்தால் நாலு பிள்ளைகளாவது படிப்பார்கள் என்றாள். கடையில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன்.

ஒரு டாக்டர் எங்களுக்குப் பொறுப்பாக இருந்தார். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார், தமிழ்ப் பெண். என் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார். லோரி ஓட்டுநர், வயது ஐம்பத்திரண்டு, காலையிலிருந்து நெஞ்சு வலிக்கிறது, வாயுத் தொல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், லூமுட் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போக வேண்டும். அவ்வளவுதான். இது எனக்கு ஒரு வேலையே இல்லை என்று நினைத்தேன்.

சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு கேமரா. ஒரு மலாய் மாணவி உள்ளே வந்து சலாம் சொல்லி, பாக்சிக்குக்கு, அதாவது மாமாவுக்கு, என்ன செய்கிறது என்று மரியாதையாகக் கேட்டார். நான் நெஞ்சைப் பிடித்தேன். முனகினேன். அவர் இரண்டாவது கேள்வியை முடிப்பதற்குள் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்து, கால்களை இரண்டு முறை உதைத்துக் காட்டினேன். மாணவி ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். நிஜமாகவே எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் கத்தியதும், பக்கத்து அறைகளிலிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் ஆக்சிஜன் குழாய். தரையில் படுத்தபடியே நான் கண்ணைத் திறந்து, ஒன்றுமில்லை, நடிப்புதான் என்றேன். அந்தப் பெண் அழுதுவிட்டார்.

டாக்டர் கோபப்படவில்லை. மாணவியைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு வந்து, கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு என் எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணே, நெசமா வலி வந்தவங்க எங்ககிட்ட வலிய மறைக்கத்தான் பாப்பாங்க. நீங்க வலிய காட்டாதீங்க. அந்த ஆளு லூமுட்டுக்குப் போவணும்னு நெனைக்கிறாரு. நீங்களும் அத மட்டும் நெனைச்சா போதும்."

எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. நான் மேடையேறியபோது இந்தப் பெண் ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரமும் வரச் சொன்னார். சரி என்று தலையாட்டினாலும் போகும் எண்ணம் இல்லை.

போக வைத்தது கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர். நெடுஞ்சாலையில் டயர் வெடித்து, கார் தடுப்பில் உரசி, எப்படியோ ஓட்டி வந்து சேர்ந்திருந்தார். பின்னால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் இறங்கி வந்து என்னோடு கலகலப்பாகப் பேசினார். பழைய டயர்லா, என் தப்புதான், காருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். பிள்ளைகளைப் பார்த்துக் கையசைத்தார். நான் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பேச்சை நிறுத்தாமலே மூடியைத் திருகினார். திறக்கவில்லை. மறுபடி திருகினார். விரல்கள் மூடியின் மேல் வழுக்கிக்கொண்டே போயின. கடைசியில் தாகமில்லை என்று சொல்லி பாட்டிலை மேசை மேல் வைத்துவிட்டார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

அன்று முழுக்க ஜாக் வைக்கும்போதும் போல்ட் இறுக்கும்போதும் அந்த விரல்கள்தான் என் கண்ணில் நின்றன. இருபது வருடத்தில் நான் ஒரு முறைகூட மேடையில் இப்படிப் பயத்தை மறைத்து நடித்ததில்லை என்று தோன்றியது.

அடுத்த வாரம் அதே அட்டையோடு உட்கார்ந்தேன். இந்த முறை வலியை மறந்துவிட்டு, லோரி வெளியே நிற்கிறது, வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். சட்டைப் பொத்தானைப் போட்டேன். சாவியைக் கையில் எடுத்தேன். மருந்து கொடுத்தால் போய்விடுகிறேன் என்றேன். மாணவர் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும் அது எனக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நிற்பதுபோல இருந்தது. குளிர்சாதன அறையில் எனக்கு நிஜமாகவே வியர்த்தது.

அன்று எட்டு மாணவர்கள் வந்தார்கள். எட்டுப் பேரும் எட்டு விதம். ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் தாளையே பார்த்தார். ஒருத்தி என் லோரியைப் பற்றிக் கேட்டு, என் வாயாலேயே வலியைச் சொல்ல வைத்துவிட்டாள். அவர்கள் அடுத்து என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. காது கொடுத்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். எதிராளியின் வசனத்தை முணுமுணுக்கும் என் வியாதி அங்கே தானாக நின்றுபோனது, ஏனென்றால் அங்கே முணுமுணுக்க வசனமே இல்லை.

மூன்றாவது மாதம் வேறு அட்டை வந்தது. என் மனைவி சாலை விபத்தில் இறந்துவிட்டாள். அந்தச் செய்தியை மாணவர் எனக்குச் சொல்ல வேண்டும். உயரமான ஒரு சீனப் பையன் வந்தான். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மலாயில் மெதுவாக, சுற்றி வளைக்காமல் சொன்னான். நான் அழத் தயாராகத்தான் வந்திருந்தேன். அழுகை வரவில்லை. அவள் கண்ணாடி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். அவன் விழித்தான். அது இல்லாமல் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அது ஏன் என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் கண்கள் கலங்கின. கண்ணாடியை நானே தேடிக் கொண்டுவந்து தருகிறேன் என்றான்.

மணி அடித்ததும் நேராக நூலகத்துக்கு நடந்தேன். மனைவி கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, இன்றைக்கு யாரை ஓட விட்டீர்கள் என்றாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கீழே கேண்டீனில் கறி பப் இருப்பதாகச் சொன்னாள். இருவரும் போய்ச் சாப்பிட்டோம்.

அதற்குள் டீச்சர் புது நாடகம் எழுதியிருந்தார். கல்யாணத்துக்கு மறுக்கும் ஓர் அப்பா கடைசியில் சம்மதிக்கும் நகைச்சுவை. அப்பா நான், மகளாகத் தாதி, சம்பந்தியாகக் கிளார்க். முதல் ஒத்திகையில் நான் பேசியதும் கிளார்க் நிறுத்திவிட்டு, "என்ன மச்சான், ஒடம்பு சரியில்லையா? கொரலே வரல," என்றார்.  ஆனால் டீச்சர் அன்று முழுக்க என்னைத் திருத்தவே இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

முதல் மேடை சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்ட மண்டபம். தகரக் கூரை. நாடகம் தொடங்கிய பத்தாவது நிமிடம் மழை பிடித்துக்கொண்டது. நான் டாக்டர் சொன்னதுபோல எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு, மெல்லிய குரலில், விரல் நுனிவரை உண்மையாக நடித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையிலிருந்து ஒருவர், "சத்தமா பேசுங்கலா, ஒண்ணும் கேக்கல," என்றார். எனக்கு உள்ளே இருந்த பழைய ஆள் உடனே எழுந்துவிட்டான். நெஞ்சை நிமிர்த்திக் கத்தினேன். கையை வீசினேன். கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது. எனக்கும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது.

வேனில் திரும்பும்போது டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, கத்துனீங்க, கைதட்டுனாங்க. அதுல தப்பில்ல. ஆனா கத்துனதுக்கு அப்புறம் ஒங்க மகள ஒரு தடவகூட நீங்க பாக்கல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளித் திடலின் ஒரு மூலையில் என்னையும் மறுமூலையில் தாதியையும் நிறுத்தினார். என் வசனத்தை அவளுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும், கோபமாகவும் கத்தலாகவும் இருக்கக் கூடாது. முதல் அரைமணி நேரம் நான் சொன்னதெல்லாம் ஒன்று அதட்டலாக இருந்தது, இல்லையென்றால் அவளுக்குக் கேட்கவில்லை. வெயிலில் நின்று தாதிக்கு அலுத்துவிட்டது. அப்போதுதான் கடை நினைவுக்கு வந்தது. கம்ப்ரசர் ஓடும்போது அந்தக் கோடியில் நிற்கும் கூட்டாளியிடம் நான் நாள் முழுக்கப் பேசுகிறேன். கத்துவதில்லை. அவனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்துச் சொல்கிறேன், போய்ச் சேர்கிறது. அதேபோலத் திடலைத் தாண்டிச் சொன்னேன். தாதி கையைத் தூக்கிக் காட்டினாள்.

இரண்டாவது மேடை பாரிட் புந்தாரில். நல்ல கூட்டம், மின்விசிறிகள் கடகடவென்று சுற்றின. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, சம்மதிக்கும் காட்சியில் தாதிக்கு வசனம் மறந்துவிட்டது. பழைய நானாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன். என் வரியைச் சொல்லிக்கொண்டு போயிருப்பேன். இப்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால், அது வெளிறியதைப் பார்த்தேன். ஓர் அடி கிட்டப் போனேன். நாடகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

"அவன ஒனக்குப் பிடிச்சிருக்கா? அத மட்டும் சொல்லு."

அவள் என்னையே பார்த்தாள். மண்டபம் அடங்கிவிட்டது. நடுவில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, பொறுக்க முடியாமல், சொல்லும்மா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தாதியும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, பிடித்திருக்கிறது அப்பா என்றாள்.  எழுதியிருந்த நீண்ட சம்மத வசனத்தை விட்டுவிட்டு, சரி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். டீச்சர் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்க வசனம் போய்விட்டதே என்ற வருத்தமாகவும் இருக்கலாம்.

நாடகம் முடிந்து மண்டபத்துக்குப் பின்னால் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து கிளார்க்கின் கையைப் பிடித்துக் குலுக்கி, பிரமாதமான நடிப்பு என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் பார்க்க நல்ல மனிதனாக இருக்கிறேன், மேடையில் வந்து சும்மா பேசிவிட்டுப் போகிறேன், கொஞ்சம் நடிக்கவும் கற்றுக்கொள்ளலாம் என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். கிளார்க்குக்குச் சிரிப்பில் புரையேறியது. நாடகம் பார்க்க வந்திருந்த என் மனைவி அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, என் தட்டில் இன்னும் கொஞ்சம் மீ வைத்தாள்.