எட்டாம் மாதத்து மோதிரம்

வளைகாப்பு முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் காலையில் முகம் கழுவும்போது என் கல்யாண மோதிரம் விரலில் சுற்றவில்லை. சோப்புப் போட்டுத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. மோதிரத்துக்கு மேலும் கீழும் சதை பிதுங்கிக்கொண்டு நின்றது. விரலைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. மோதிரத்தைக் கழற்றச் சொல்லிவிடுவார்களே என்றுதான் பயந்தேன். கழற்றினால் வயிற்றில் இருக்கும் பிள்ளை தங்காது என்று அப்போது உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. முந்தின வருஷம் ஐந்தாம் மாதத்தில் எனக்கு ஒன்று கலைந்துபோனது. அந்த வாரம்தான் எங்கள் குத்தகை நிலத்தில் நடவு. சும்மா உட்கார்ந்திருக்க முடியாத பிறவி நான். உத்திரமேரூரில் ஒரு சிமெண்ட் கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. அதற்கு லீவு சொல்லிவிட்டு, யார் தடுத்தும் கேட்காமல் சேற்றில் இறங்கினேன். மோதிரம் நழுவிவிடும் என்று கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். சாயங்காலம் அதை எடுத்துப் போட்டுக்கொள்ள மறந்துபோனது. மறுநாள் ரத்தம் பட்டது. டாக்டர் என்னென்னவோ காரணம் சொன்னார், பாதி என் காதில் ஏறவில்லை. மோதிரத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டது நான்தான்.

எங்களுடையது மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். சகுனம் பார்ப்பதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை சொல்வோம், திங்கட்கிழமை பார்ப்போம். வளைகாப்புக்கு பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் செய்தார். அவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பியதும் தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து என் இரண்டு கையிலும் கண்ணாடி வளையலை அடுக்கினார்கள். அடுக்கி முடித்ததும் மாமியார் சட்டம் சொன்னார். பிரசவம் வரைக்கும் உடம்பில் இருக்கிற எதையும் கழற்றக் கூடாது. தாலி, மெட்டி, வளையல், மோதிரம், எதையும். அவர் சொல்லாவிட்டாலும் நான் கழற்றியிருக்க மாட்டேன்.

தாலி மாமியார் வாங்கியது. மோதிரம் என் வீட்டுக்காரர் வாங்கியது. நெல் அறுக்கும் மெஷின் ஓட்டப் போன முதல் பருவத்தில், என் விரல் அளவைக்கூடக் கேட்காமல், மேலே சின்னதாகச் சிலுவை கீறிய மோதிரத்தை ஒரு குத்துமதிப்பில் வாங்கி வந்துவிட்டார். கோயிலில் எல்லார் முன்னாலும் அதைப் போட்டுவிட்டார். மோதிரம் அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. அதை வேறு மாதிரி மாற்றுவது என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

விரல் மட்டும் வீங்கவில்லை. காலில் என் செருப்பு நுழையாமல் வீட்டுக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். முகம் உப்பிப்போய், கண் சின்னதாகிவிட்டது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும், எட்டு மாசம்னா நீர் கோத்துக்கினுதான் இருக்கும் என்றார்கள். போன செக்கப்பில் நர்ஸ் என் கையைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வருவதற்குள் மோதிரத்தைக் கழற்றிவிட்டு வா, இல்லையென்றால் வெட்டித்தான் எடுக்கணும் என்று சொல்லியிருந்தார். அந்த அடுத்த முறைக்கு நான் போகவே இல்லை. டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது என்று வீட்டில் சொன்னேன், அவர்களும் சரி என்றார்கள்.

அன்று காலை நாஷ்டா சாப்பிடும்போது வீட்டுக்காரர் என் விரலைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மே இது, நீலமா கீது? வலிக்குதா?"

"வலிக்கல. வுடுங்க."

"வுடறதா? அம்மா, இங்க வந்து பாரு இவ கைய."

மாமியார் வந்து என் கையைத் தூக்கிப் பார்த்தார். எண்ணெய் போட்டுக் கழற்றலாம் என்று மகன் சொன்னதற்கு, கழற்றவே கூடாது என்றார். பிறகு, "கழட்டாமலே பெருசு பண்ண முடியாதா?" என்று கேட்டார்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எங்கள் மூன்று பேருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு கர்ப்பிணியின் கை கால் முகமெல்லாம் வீங்கியிருக்கிறது, நாங்கள் அவளை நகை செய்யும் பத்தரிடம் கூட்டிப் போவதென்று முடிவு செய்தோம்.

எங்கள் ஊர் சாலவாக்கம் பக்கம். உத்திரமேரூருக்கு பைக்கில் மெதுவாகப் போனோம். காலையிலிருந்தே எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தர் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழட்டாம பெருசு பண்றதா? இன்னா தம்பி, சைக்கிள் டியூபா இது, காத்தடிக்க?"

"வேற வயி இல்லியா பத்தரே?"

"அடியில அறுத்து எடுத்துடலாம், சிலுவ மேல கை வெக்க மாட்டேன். பிரசவம் ஆனப்பறம் ஒரு துண்டு வெச்சி ஒட்டித் தரேன். இல்லன்னா ஒட்டவே வேணாம். அடிப்பக்கம் தெறந்தா மாதிரி மாடல மாத்திடறேன். விரலு வீங்கினா விரியும், இளைச்சா அமுக்கிக்கலாம். இப்ப அதத்தான் நெறைய பேரு கேக்கறாங்க."

வீட்டுக்காரருக்கு அந்தத் திறந்த மாடல் உடனே பிடித்துவிட்டது. மெஷின் ஓட்டுகிறவர் அல்லவா, கழற்றி மாட்ட வசதியாக இருக்கிற எதுவும் அவருக்குப் பிடிக்கும். அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"கோயில்ல ஆசீர்வாதம் பண்ண மோதிரம்டா அது. பாதி தெறந்து கெடந்தா அது இன்னா மோதிரம்?" என்றார் மாமியார். ஆனாலும், "அவ கையி. அவளுக்கு மனசு ஒப்பலன்னா வேணாம், இட்டுனு வந்துடு" என்று வைத்துவிட்டார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அறுக்கலாம் என்று சொன்னால், ராத்திரியே வயிறு வலிக்கும், மறுபடி அதே ரத்தம் என்று மனசு படம் போட்டது. வேண்டாம் என்றால் விரல் அழுகும். பிள்ளை இன்று காலையிலிருந்து எத்தனை முறை உதைத்தது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அந்த எண்ணத்தை மேலே போகவிடாமல் அமுக்கினேன்.

பத்தர் பக்கத்தில் இருந்த வேறொரு வேலைக்காக நெருப்பைப் பற்றவைத்தார். என் கண்ணுக்குள் மின்மினிகள் பறந்தன. நெருப்பினால்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள்ளும் பறந்தன. அவர் நெருப்பை அணைத்த பிறகும் நிற்கவில்லை. கர்த்தர் வேண்டாம் என்கிறார், அதுதான் அடையாளம் காட்டுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கவே இல்லை.

"வேணாங்க. வூட்டுக்குப் போலாம்."

வற்புறுத்தாமல் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். எனக்கு ஒரு நிம்மதி. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, வளையல் கையால் வயிற்றைப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

உத்திரமேரூரைத் தாண்டி ஏரிக்கரையில் ஏறியதும் எதிரே ஒரு பஸ் வந்தது. அதன் ஒரு பாதி எனக்குத் தெரியவில்லை. இடது பக்கம் இருக்கிறது, வலது பக்கம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. கண்ணைக் கசக்கினேன். கரையில் இருந்த பனைமரங்களும் அப்படியே, பாதி பாதியாக நின்றன. அப்போதுதான் இது மோதிரத்தின் காரியம் இல்லை என்று உடம்பு முழுக்க ஒரு பயம் ஏறியது. அதற்கு முன்னால் பட்டதெல்லாம் பயமே இல்லை.

"ஏங்க, எனக்கு கண்ணு தெரியல."

அவர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னா சொல்ற? எப்பத்துலேர்ந்து?"

"கடையிலயே மின்னிச்சி. காலைலேர்ந்து தலவலி."

"ஏம்மே, அத ஏன் சொல்லல?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியைத் திருப்பினார். அவர் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அன்றும் கண் தெரியாமல் சரியாகப் பார்க்கவில்லை.

உத்திரமேரூர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்கவைத்து நர்ஸ் பிரஷர் பார்த்தார். பார்த்தவர் பட்டையைக் கழற்றி மறுபடி கட்டி மறுபடி பார்த்தார். என் காலெலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்தின இடத்தில் குழி அப்படியே நின்றது. அவர் டாக்டரைக் கூப்பிட்ட குரலைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் சுவரோடு சாய்ந்துகொண்டார்.

பிரஷர் மூளைக்கு ஏறப் பார்க்கிறது, எந்த நேரமும் ஃபிட்ஸ் வரலாம், செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் உடனே பிள்ளையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். 108-க்குப் போன் பறந்தது. இடுப்பில் போட்ட ஊசி நெருப்பாக எரிந்தது. டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், வளையல் வீங்கின கையை விட்டு வரவில்லை. நர்ஸ் ஒரு துணியை என் மணிக்கட்டில் சுற்றி, கத்தரிக்கோலின் பிடியால் தட்டினார். வளையல்கள் உள்ளே ஒவ்வொன்றாக நொறுங்கின.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் வளையலை வேறொருவர் உடைப்பது புருஷன் செத்த அன்றைக்குத்தான். எனக்கு அது மட்டும்தான் அப்போது தெரிந்தது. கழுத்தைத் திருப்பி, பாதியாகத் தெரிந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க இங்கயே இருங்க, எங்கயும் போவாதீங்க" என்று கத்தினேன்.

"மோதிரமும் எடுத்தாவணும்மா. விரல்ல ரத்தம் ஓடல, இதோட ஆப்பரேஷனுக்கு வுட மாட்டாங்க" என்றார் நர்ஸ்.

நான் கையை இழுத்து வயிற்றுக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன். அந்த நிலைமையிலும் ஒளித்தேன். வீட்டுக்காரர் என் காதருகில் குனிந்தார்.

"மோதிரத்த நாந்தான் வாங்கினேன். இன்னொன்னு வாங்க தெரியும் எனக்கு. கைய குடு."

போகாதீர்கள் என்று நான் சொல்லியும் அவர் ஓடினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பத்தரைப் பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுவந்துவிட்டார். பத்தர் ஒரு மெல்லிய தகட்டை மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, நூல் மாதிரி இருந்த வாளால் அடிப்பக்கம் அறுத்தார். "ஆச்சும்மா, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கும் வியர்த்துக் கொட்டியது. குறடால் விரித்து எடுத்ததும் விரலில் ரத்தம் குத்திக்கொண்டு பாய்ந்தது. நான் அழுதேன். வலியில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். என் பிள்ளை போய்விட்டது என்று அழுதேன்.

போகவில்லை. அன்று சாயங்காலம் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண். என் உள்ளங்கைக்குள் அடங்குகிற முகம். பல நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூச்சை மறந்துவிடுகிறது, அப்போதெல்லாம் தட்டி நினைவுபடுத்துகிறோம் என்று அங்கிருந்த சிஸ்டர் சாதாரணமாகச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு ஏது தூக்கம்.

ஒரு நாள் பெரிய டாக்டர் வந்து, செக்கப்புக்கு ஏன் போகவில்லை, படித்த பெண்தானே நீ என்று சத்தம் போட்டார். மோதிரத்துக்குப் பயந்து போகவில்லை என்று எந்த வாயால் சொல்வது? மாமியார் கட்டிலுக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து நின்றார்.

"நாந்தான் சார் வுடல. பஸ்ல போவாதன்னு நாந்தான் சொன்னேன். அவள திட்டாதீங்க."

டாக்டர் அவரைத் திட்டினார். மாமியார் தலை குனிந்துகொண்டு முழுக்க வாங்கிக்கொண்டார். அன்றைக்கும் சரி, பிறகும் சரி, அதைப் பற்றி என்னிடம் அவர் கேட்டதில்லை.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் எல்லாருமாகப் பத்தர் கடைக்குப் போனோம். விரிந்து கிடந்த மோதிரத்தை வீட்டுக்காரர் காகிதத்திலிருந்து எடுத்து வைத்தார். ஒட்டிவிடலாமா, திறந்த மாடலா, இல்லை உருக்கிப் புதுசா என்று பத்தர் கேட்டார். எல்லாரும் மறுபடி என்னைத்தான் பார்த்தார்கள்.

மூடிய வளையமாக அதை மறுபடி விரலில் போட்டுக்கொள்வதை நினைத்தாலே எனக்குக் கை வேர்த்தது. உருக்கவும் மனசு வரவில்லை. "ஒட்ட வேணாம், தெறந்தே இருக்கட்டும்" என்றேன். சொல்லிவிட்டு மாமியாரைப் பார்த்தேன். அவர் மடியில் தூங்குகிற பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தர் அங்கேயே உட்கார்ந்து, அறுத்த முனைகளை அரத்தால் ராவி மழமழப்பாக்கி, வளைத்துக் கொடுத்தார். போட்டேன். இதமாக இருந்தது.

"கழட்டிப் பாரும்மா, வருதான்னு" என்றார்.

கல்யாணம் ஆனதிலிருந்து நானாக அதைக் கழற்றியது ஒரே ஒரு முறைதான். இரண்டு முனையையும் விரித்துக் கழற்றினேன். கழற்றின கையோடு குழந்தையின் மார்பைப் பார்த்தேன். ஏறி இறங்கியது. போட்டுக்கொண்டேன். மறுபடி கழற்றினேன், மறுபடி பார்த்தேன். வெளியில் வண்டி சாவியோடு நின்ற வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

மாமியார் குழந்தையின் மார்பின் மேல் தன் கையை விரித்து வைத்தார்.

"நான் பாத்துக்கினு கீறேன். நீ இன்னொரு தபா கழட்டு."