பல்லக்கா எடுத்த அறை

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்பக்கம் நீளமாக ஓர் அறை. அங்கே உட்கார்ந்துதான் பல்லக்கா பல் செட்டு செய்கிறாள். டாக்டர் அளவெடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நிறுத்துவது அவள் வேலை. கல்யாணமான மறுவருடம் சேர்ந்தவள். இப்போது அவள் மகளே வேலைக்குப் போகிறாள். தெருவில் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவண்ணத்தில்தான். அதை யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

பல்லைக் கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினில் கடைந்தெடுக்கும் முறை வந்தபோது, டாக்டர் அவளைத்தான் பெரிய நகரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். ஒரு வாரம். பகலில் வகுப்பு. சாயங்காலம் தங்குமிடத்துக்குத் திரும்பி, மெழுகில் ஒரு கடைவாய்ப்பல் செதுக்கி, காலையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கையால் செதுக்கத் தெரியாதவருக்குத் திரையில் வரைய வராது என்பது அங்கே சட்டம்.

அப்போது அவள் நாத்தனார் வீட்டில் தங்கினாள். கணவரின் அக்கா. கெட்டவள் இல்லை. வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் இப்படி எளைச்சுட்டே" என்று கேட்டாள். அடுத்த மூச்சில், "இந்தக் கரண்டியக் கொஞ்சம் பிடி, குளிச்சுட்டு வந்துடறேன்" என்றாள். அந்தக் கரண்டி அந்த வாரம் முழுக்கப் பல்லக்காவின் கையை விட்டு இறங்கவில்லை. பாத்திரம் கழுவிவிட்டு மெழுகை எடுத்து வந்தால், சாப்பாட்டு மேசையில் இஸ்திரித் துணி மலையாகக் கிடக்கும். பல் ஒவ்வொன்றும் பாதியில் நின்றது. சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பினாள். டாக்டர் வாங்கிப் போட்ட மெஷின் வேறொரு டெக்னீஷியன் கைக்குப் போயிற்று. அதைத் துடைத்துத் துணி போட்டு மூடுகிற வேலை பல்லக்காவுக்கு வந்தது. வாயைத் திறக்காமல் செய்தாள். உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்த பயிற்சி வருகிறது என்று தெரிந்ததும் அவளே டாக்டரிடம் போய் நின்றாள்.

"போன தடவை மாதிரி ஆயிடாதேம்மா."

"ஆகாது சார். ஆகவிட மாட்டேன்."

வீட்டில், சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்த கணவரிடம், "இந்தத் தடவை ஓட்டல்ல தங்கறேன்" என்றாள். அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனுஷன் கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"அக்கா வீட்டை வச்சுக்கிட்டு ஓட்டலா? அவ என்ன நினைப்பா?"

"நினைக்கட்டும்."

"நான் எப்படி அவகிட்ட சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அங்க போனதும் நானே சொல்லிக்கறேன்."

ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிப் போனாள். தோளில் ஒரு பை. கையில் ஒரு டப்பா. டப்பாவில் மெழுகு, செதுக்குக் கத்திகள், கத்தியைச் சூடுகாட்ட ஒரு குட்டி ஸ்பிரிட் விளக்கு. தனக்கு வேண்டியது என்ன என்பது பஸ்ஸிலேயே தெளிவாகிவிட்டது: ஆடாத மேசை, நல்ல வெளிச்சம், விளக்கு ஏற்ற அனுமதி, உள்தாழ்ப்பாள் உள்ள கதவு. மெத்தை எப்படி இருந்தாலும் சரி.

வகுப்பு நடக்கும் கட்டடத்துக்கு எதிரிலேயே கண்ணாடி மாளிகை மாதிரி ஓர் ஓட்டல். வரவேற்பில் இருந்த பெண் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ரூம்ல சமைக்கக் கூடாதும்மா."

"சமைக்காம இருக்கத்தான் இங்க வந்திருக்கேன். இது பல் செய்யற விளக்கு."

அந்தப் பெண் மேலே கையைக் காட்டினாள். கூரையில் வட்டமாக ஒரு கருவி. கொஞ்சம் புகை பட்டாலும் கட்டடம் முழுக்க அலறுமாம். பல்லக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இரண்டாவது ஓட்டலின் விளம்பரப் பலகையில் படம் பிரமாதமாக இருந்தது. அறையைக் காட்டச் சொன்னாள். படத்தில் இருந்த கட்டில் இருந்தது. வேறு எதுவும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மூலையில் அழுது வடியும் ஒரு பல்பு.

"மேசை இல்லியா?"

"மேசை எதுக்கும்மா? ரூமுங்கறது படுத்துக்கத்தானே? கூட யாரும் வரலியா?" கூட வந்த ஆள் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"நான் வந்திருக்கேனே, போதாதா?" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

வெயில் ஏறிவிட்டது. பஸ் நிறுத்த நிழலில் உட்கார்ந்து யோசித்தாள். நாத்தனாருக்கு ஒரு போன் போட்டால் போதும், அந்த நிமிடமே அலைச்சல் தீர்ந்துவிடும். கை போன் வரைக்கும் போயிற்று. அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. ஒரு நடுவயசு ஆள் கனமான சாம்பிள் பெட்டியை இறக்கினார். ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிற விற்பனைப் பிரதிநிதி என்று பெட்டியே சொல்லிற்று. இவர் எங்கே தங்குவார்? சாயங்காலம் உட்கார்ந்து எழுதுகிற வேலை இவருக்கும் உண்டே. பல்லக்கா எழுந்து அவர் பின்னாலேயே நடந்தாள். அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவள் லட்சியம் செய்யவில்லை.

சந்துக்குள் ஒரு பழைய லாட்ஜ். அவர் சாவி வாங்கிக்கொண்டு மாடிக்குப் போக, மேனேஜர் இவளைப் பார்த்தார்.

"இங்க லேடீஸ் யாரும் தங்கறதில்லம்மா. எல்லாம் சேல்ஸ்காரங்க."

"தங்கக் கூடாதுன்னு எங்கியாவது போர்டு வச்சிருக்கீங்களா?"

"வைக்கல."

"அப்ப ரூமைக் காட்டுங்க."

அவர் யோசித்துக்கொண்டே காட்டினார். ஜன்னலோரம் கனத்த மரமேசை. அழுத்திப் பார்த்தாள், ஆடவில்லை. மேலே டியூப்லைட். வெளியே சின்ன பால்கனி. தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுத் திறந்து பார்த்தாள். விளக்கு விஷயத்தையும் சொன்னாள். பால்கனியில் வைத்து ஏற்றுவதானால் ஆட்சேபணை இல்லை என்றவர், "பல்லா? கையாலயா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் நாக்கால் தன் கடைவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

சாவி கைக்கு வந்த பிறகு நாத்தனாருக்குப் போன் செய்தாள். லாட்ஜில் தங்கப்போவதைச் சொன்னாள். நாத்தனார், "எந்த லாட்ஜ்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம், முதல் பல்லின் மேல்பரப்பில் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. நாத்தனார். மூச்சு வாங்கியது.

"பையை எடு. கிளம்பு."

"உட்காருங்க அண்ணி."

"உட்கார வரல. தம்பி பொண்டாட்டிய வீட்டுல சேர்க்காம லாட்ஜுக்கு விரட்டிட்டேன்னு நாலு பேர் பேசணும், அதானே உனக்கு வேணும்?"

"யாரும் விரட்டல. நானாத்தான் வந்தேன். உங்க வீட்டுல எனக்கு வேலை ஓடாது."

"உன்னை நான் என்னிக்காவது வேலை செய்யச் சொன்னேனா?"

"சொல்லல அண்ணி. சொல்லாமலே செய்ய வச்சீங்க." கத்தியைக் கீழே வைத்தாள். "போன தடவை நான் பாஸாகல. ஏன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா? நான் வேலை செய்ய வேண்டிய மெஷினை இப்ப துணி போட்டு மூடிட்டு இருக்கேன். உங்க மேல எனக்குப் பாசம் இருக்கு. பயிற்சி முடியட்டும், விருந்தாளியா வரேன். இப்ப வர மாட்டேன்."

நாத்தனார் மேசையைப் பார்த்தாள். மெழுகுத் துருவல், விரல் நுனி அளவில் ஒரு பல். விறுக்கென்று திரும்பி நடந்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஓயும்வரை பல்லக்கா கதவருகில் நின்றாள். பிறகு தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து பள்ளத்தை எடுத்து முடித்தாள்.

பயிற்சி முடிந்து ஞாயிற்றுக்கிழமை போனபோது நாத்தனார் வீடு பூட்டியிருந்தது. சான்றிதழோடு ஊர் வந்தாள். மெஷின் அவள் கைக்கு வந்தது. நாத்தனாரிடமிருந்து போன் வருவது நின்றுபோயிற்று. அவர்கள் வீடு மாற்றிய செய்திகூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது. கணவர் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஒரு மன்னிப்புக் கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவே?"

"தப்பு செஞ்சிருந்தா கேட்டிருப்பேன்."

அடுத்த பயிற்சிக்கும் அதே லாட்ஜ்தான். அந்த வாரக் கடைசியில் நாத்தனாரே கூப்பிட்டாள். குரலில் கோபம் அப்படியே இருந்தது. "புது அட்ரஸ் எழுதிக்கோ. வந்தா வா, வராட்டிப் போ."

போனாள். கூடத்தில் உட்கார வைத்துவிட்டு நாத்தனார் அடுப்படிக்குள் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பல்லக்காவின் கால்கள் தாமாக எழப் பார்த்தன. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயிற்சி வாரத்தில்கூட இவ்வளவு கஷ்டப்படவில்லை.

டீ வந்தது. டம்ளர் மேசையில் கொஞ்சம் ஓங்கியே இறங்கிற்று. பல்லக்கா ஒரு வாய் குடித்தாள்.

"சர்க்கரை பத்தல அண்ணி."

"டப்பா உள்ள இருக்கு."

"சரி, எடுத்துட்டு வாங்க."

நாத்தனார் இடுப்பில் கை வைத்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல்லக்கா பார்வையைத் தாழ்த்தவில்லை. பிறகு நாத்தனார் உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்தாள். ஒரு கரண்டி போட்டு, அவளே கலக்கிக் கொடுத்தாள்.