ரேஷன் கார்டில் இருந்த பெயர்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அச்சிலிருந்து பொம்மை பிரித்தெடுக்கும் வேலை. கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. என் மகள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். இன்டர்நெட்டில் வம்சாவளி போடும் இடம் ஒன்றில் அவள் எங்கள் குடும்பத்தை ஏற்றியிருந்தாள். தாத்தா, அவருக்குக் கீழே பெரியப்பாவும் அப்பாவும், அதற்கும் கீழே நாங்கள். பெரியப்பா பெயரை மட்டும் பெரியம்மாவின் ரேஷன் கார்டைப் பார்த்து எழுதினாளாம். அப்பா இறந்துபோயிருந்தார். கேட்க வேறு ஆள் இல்லை.

பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. நான் பிறக்கும் முன்பே மலேயாவுக்குக் கப்பலேறிப் போனவர். அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாலைந்து கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. பெரியம்மா மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தாலியைக் கழற்றவுமில்லை. தினம் காலையில் குளித்து, குங்குமம் வைத்துக்கொண்டுதான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்க உட்காருவார்.

மலேசியாவிலிருந்து ஒரு பெண் என் மகளுக்கு எழுதியிருந்தாள். அவளும் தன் குடும்பத்தை அங்கே ஏற்றியிருக்கிறாள். அவள் அப்பாவுக்கு ஊர் விருத்தாசலம். அவருடைய அப்பா பெயரும் எங்கள் தாத்தா பெயரும் ஒன்று. அவள் அப்பாவின் பெயர்தான் கார்டில் இருந்த பெரியப்பா பெயரோடு ஒத்துவரவில்லை. அவருக்கு நாலு பிள்ளைகள். இறந்து பதினாறு வருஷம் ஆகிவிட்டது.

“ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு சொன்னா, ரெண்டு குடும்பத்தையும் சேத்துடலாம்பா,” என்றாள் மகள். “அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. பெரிய ஆயாவைக் கேட்டுட்டு வந்து சொல்லு.” பெரியம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். ஒரு பொம்பளையிடம் போய், உங்கள் புருஷன் செத்துப் பதினாறு வருஷம் ஆச்சு என்று எப்படிச் சொல்வது? அந்த மலேசியாக்காரர் பெயரோடு மகள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். பெரியம்மா வீட்டு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

“பெரியம்மா, ரேஷன் கார்டுல இருக்கறது பெரியப்பா பேருதானா?”

“எதுக்கு இப்ப?”

“கம்ப்யூட்டர்ல கேக்குறாங்க.”

“ஏன், கம்ப்யூட்டரு அரிசி போடுதா?”

நான் நின்றுகொண்டே இருந்தேன். பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“உங்கப்பனும் இப்பிடித்தான். வாயில கொழுக்கட்டையை அடைச்ச மாதிரி நிப்பான். இருக்காரா, இல்லையா? அதச் சொல்லு.”

“இல்லைங்க பெரியம்மா. பதினாறு வருஷம் ஆச்சாம்.”

“குடும்பம்?”

“இருக்குதுங்க. நாலு புள்ளைங்க.”

அவர் ஒரு கை மல்லாட்டையை எடுத்து உரித்து முடித்தார். நான் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

“காரியம் யாரு செஞ்சது?”

“மூத்த மவன்.”

“அப்ப அங்க ஆச்சு. இங்க நீ செய்யி.”

மறுநாள் காலையில் மணிமுத்தாற்றுக்குப் போனேன். கணுக்கால் அளவுதான் தண்ணீர். பெரியம்மா எனக்கு முன்பே வந்து படியில் நின்றிருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஐயர் எள்ளைக் கையில் கொடுத்துப் பெயர் கேட்டார். கார்டில் இருந்ததைச் சொன்னேன்.

“அது இல்ல,” என்றார் பெரியம்மா, பின்னாலிருந்து. பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். உள்ளே இருப்பவரைக் கூப்பிடுவதுபோலச் சத்தமாக, ஒரே ஒரு தடவை. தாளில் இருந்த அதே பெயர். நான் திருப்பிச் சொல்லித் தண்ணீர் விட்டேன்.

திரும்பி வரும்போது அவரே சொன்னார். “கார்டு போட்டப்ப புருஷன் பேரு கேட்டாங்க. வாயால எப்பிடிச் சொல்றது? மலை மேல நிக்கிறவரு பேருன்னேன். முருகனுக்கு ஒரு பேரா, ரெண்டு பேரா? அந்த ஆளு ஏதோ ஒண்ண எழுதிப் படிச்சுக் காட்டினாரு. அது இல்லைன்னா, எதுன்னு கேப்பாரு. பேசாம வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.”

அன்று சாயந்திரம் மகள் இரண்டு குடும்பத்தையும் சேர்த்தாள். மலேசியாவிலிருந்து உடனே பதில் வந்தது. ‘பெரியம்மா பெயரை அப்பாவுக்குப் பக்கத்தில் முதலில் போடுங்கள். எங்கள் அம்மா பெயர் அதற்கு அடுத்து வரட்டும்.’ அதைப் படித்துக் காட்டியபோது பெரியம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

கார்டிலும் பெயரை மாற்றிவிடலாமா என்று கேட்டேன்.

“வேணாம்,” என்றார். “அந்தப் பேருக்காரருதான் எனக்கு இத்தன வருஷம் அரிசி வாங்கிப் போட்டாரு. அவரு அப்பிடியே இருக்கட்டும்.”