மூச்சு மட்டும் கேட்டேன்

போன ஆடியில எங்க ஊர் நூம்பல் அம்மன் கோயில்ல கூழ் ஊத்துறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி என் வீட்டுக்காரருக்குக் கழுத்து வீங்கிடுச்சு. அதுக்கு முன்ன கடைவாய்ப் பல் வலின்னு கிராம்பை அடக்கிக்கிட்டு, பூந்தமல்லி பட்டறைக்கு வெல்டிங் வேலைக்குப் போயிட்டுதான் இருந்தார். பல்லையும் கழுத்தையும் நாங்க யாரும் சேர்த்து யோசிக்கல. ஆடி மாசம், தாடைக்குக் கீழ வீக்கம், வேற என்னவா இருக்கும்? பொன்னுக்கு வீங்கி. அம்மா வந்திருக்கான்னு வாசல்ல வேப்பிலை சொருகினோம். பொன்னு பட்டா வீக்கம் வடியும்னு மகளோட தங்கச் சங்கிலியை அவர் கழுத்துல போட்டுவிட்டோம். அம்மா இருக்கிற வீட்டுல ஊசி மாத்திரை கூடாதுன்னு அவரே சொல்லிட்டார்.

அவர் பேர் ஏழுமலை. ஆடி வந்தா உடுக்கை அடிச்சு அம்மாவை வர்ணிச்சுப் பாடுறது அவர்தான். மைக் எதுக்கு, வேலப்பன்சாவடி வரைக்கும் கேக்குதேன்னு கிண்டல் பண்ணுவாங்க. அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் அவரைக் கட்டிக்கிட்டேன்.

வீக்கம் வடியல. எச்சில்கூட முழுங்க முடியல. சங்கிலி தோல்ல பதிஞ்சுபோச்சு. படுத்தா மூச்சு முட்டுதுன்னு உட்கார்ந்தே இருந்தார். நான் சாமி படத்து முன்னாடி விழுந்து, "வந்திருக்கிறது நீதானா, சொல்லு தாயே"ன்னு அழுதேன்.

அன்னிக்கு மத்தியானமே எங்க கோயில் பூசாரி தீர்த்தம் எடுத்துட்டு வந்தார். நான் கூப்பிடல, தானாத்தான் வந்தார். வீட்டுக்காரர் சட்டையை விலக்கிப் பார்த்ததும் சொம்பைக் கீழ வச்சிட்டார்.

"இன்னாம்மா இது, நெஞ்சு வரிக்கும் செவந்துகீது. இது அம்மா இல்ல. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

"தலைக்குத் தண்ணி ஊத்தாம எப்டிண்ணா வெளிய இட்டுகினு போறது?"

"ஆளு இருந்தாத்தானம்மா தண்ணி ஊத்த முடியும். அவ கோச்சிக்க மாட்டா. கெளம்பு."

என் கேள்விக்கு அவ அனுப்பின பதில் அதுதான்னு நான் இன்னிக்கும் நம்புறேன்.

ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துட்டு டாக்டரம்மா என்னைத் தனியா கூப்பிட்டாங்க. "பல்லுல வந்த சீழ் கழுத்து வழியா நெஞ்சுக்குள்ள இறங்கி, இதயத்தைச் சுத்தி நிக்குதும்மா. கழுத்தையும் நெஞ்சையும் திறந்து கழுவணும். மூச்சுக்குத் தொண்டையில ஓட்டை போடணும். இப்போதைக்கு எதுவும் உறுதியா சொல்ல முடியாது"ன்னாங்க. சங்கிலியை வெட்டி என் கையில கொடுத்தாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு தியேட்டர் வாசல்லயே வேண்டிக்கிட்டேன். தாலிப்பிச்சை கொடு தாயே. மூச்சு மட்டும் கொடு, வேற எதை வேணாலும் எடுத்துக்க. அடுத்த ஆடிக்கு மடிப்பிச்சை எடுத்து உனக்குக் கூழ் ஊத்துறேன்.

ஒரு தடவையில முடியல. திரும்பத் திரும்பத் திறந்து கழுவினாங்க. விலாவுல குழாய், கழுத்துல குழாய். பார்க்கவே முடியாது. ஆனா பிழைச்சிட்டார்.

தொண்டைக் குழாயை எடுத்ததும் என் பேரைக் கூப்பிட வாயைத் திறந்தார். வெறும் காத்துதான் வந்தது. குரல் நரம்பு போயிடுச்சு, இனி இவ்வளவுதான்னாங்க. நான் பாத்ரூமுக்குள்ள போய் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன். வேற எதை வேணாலும்னு சொன்னது நான்தானே.

இந்த ஆடியில வானகரம் ஃபிளாட் வரைக்கும் மடியேந்திப் போனேன். அவர் உடுக்கை அடிச்சுக்கிட்டே பின்னாடி வந்தார். கோயில்ல பாட்டு வேளை வந்தப்ப வேற யாரும் பாட முன்வரல. அவர் உடுக்கைச் சத்தம் மட்டும் தனியா கேட்டது. அதுக்கு மேல என்னால மறைக்க முடியல. அங்கேயே, நான் என்ன வேண்டிக்கிட்டேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்.

என் காதுகிட்ட வந்து காத்தாவே சொன்னார்: "பாட்டு அவ குட்தது. எடுத்துகினா. நீ அழுவாத."

எனக்கு இன்னும் மனசு ஆறல. ஆனாலும் அவர் என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுறார், அதுக்கு ஆயுசுக்கும் அவளுக்கு நன்றி சொல்லணும். இப்பல்லாம் வாசல்ல வேப்பிலை சொருகுற கையோட டாக்டர்கிட்டயும் போயிடுறேன். நீங்களும் போங்க, அவ அங்கேயும் வருவா. அவளை நம்பிக் கேளுங்க, கேட்டதைக் கொடுப்பா. என்னை மாதிரி பயந்துக்கிட்டு கொஞ்சமா மட்டும் கேட்டுடாதீங்க. மூச்சையும் கேளுங்க, குரலையும் சேர்த்துக் கேளுங்க.